எலும்பைக் கரைத்தால் என்ன தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தொல்பழங்கால மனிதரின் உணவைப் பற்றி வெளியான கட்டுரையில், "எலும்பின் வேதிப் பகுப்பாய்விலிருந்து இவர்கள் கடல் மீன் உண்டது தெரிகிறது" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டோம். அந்த வரியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களே இம்மாதம் மிகுதி. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் எதை உண்டார் என்பதை அவருடைய எலும்பை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? வயிற்றில் இருந்த உணவு எப்போதோ மக்கியிருக்குமே? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: வயிற்றில் இருந்தது மக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் நாம் உண்பதில் ஒரு பகுதி செரித்து, இரத்தத்தில் கலந்து, எலும்பாகவும் பல்லாகவும் முடியாகவும் உடலில் தங்கிவிடுகிறது. எலும்பைக் கல் போன்ற ஒரு பொருளாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன் என்னும் புரதம். ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். கரண்டியால் வெட்டி எடுக்கும்படி உறைந்திருக்கும். எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் கொதிநீரில் இறங்கிய கொலாஜன்தான் அப்படி உறைகிறது. ஆய்வாளர்கள் பழைய எலும்பில் தேடுவதும் இதைத்தான்.

கொலாஜனில் உள்ள கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. இயற்கையில் 98.9 விழுக்காடு கார்பன்-12, மீதி 1.1 விழுக்காடு சற்றே கனமான கார்பன்-13. இரண்டும் கதிரியக்கம் இல்லாதவை என்பதால் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அவற்றின் விகிதம் தானாக மாறிவிடாது. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறையில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. நெல், கோதுமை, பருப்பு வகைகள், பெரும்பாலான காய்கறிகள், மரங்கள் ஆகியவை சி-3 வகை. இவை கனமான கார்பனைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை சி-4 வகை. இவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட சுண்ணாம்புப் புதைபடிவத்தைப் பொது அளவுகோலாக வைத்து, அதிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும்போது, சி-3 செடிகள் சராசரியாக மைனஸ் 26.5 என்றும் சி-4 செடிகள் மைனஸ் 12.5 என்றும் நிற்கின்றன. இவற்றை உண்பவரின் கொலாஜனில் இந்த எண் ஏறத்தாழ 5 கூடும். ஆகவே வாழ்நாள் முழுதும் சி-3 உணவையே நம்பியிருந்தவரின் எலும்பு மைனஸ் 21 அருகிலும், சி-4 உணவையே நம்பியிருந்தவரின் எலும்பு மைனஸ் 7 அருகிலும் இருக்கும்.

இந்த முறை ஒரு பிழையிலிருந்து பிறந்தது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். 1960களில் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணித்தவர்கள், ஒரே அடுக்கில் கிடைத்த மரக்கரியைவிட மக்காச்சோளக் கதிர்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகள் இளையவையாகத் தெரிவதைக் கண்டு குழம்பினார்கள். காரணத்தைத் தேடியபோதுதான் மக்காச்சோளத்தில் கனமான கார்பன் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஜான் வோகல், நிக்கோலாஸ் வான் டெர் மெர்வே இருவரும் 1977இல் இதை மறுபக்கமாகத் திருப்பினார்கள்: கதிரில் இருக்கும் அடையாளம் அதை உண்டவரின் எலும்பிலும் இருக்கவேண்டுமே? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த எலும்புகளில் சோதித்துப் பார்த்தார்கள். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த முந்தைய மக்களின் எலும்பில் சி-3 அடையாளமும், பிற்கால வேளாண் மக்களின் எலும்பில் மக்காச்சோளத்தின் அடையாளமும் தெளிவாகப் பிரிந்து நின்றன.

அடுத்தது நைட்ரஜன். இதிலும் சற்றே கனமான ஒரு வகை உண்டு, அதன் பெயர் நைட்ரஜன்-15. புல்லைத் தின்னும் மானின் உடலில் நைட்ரஜன்-15 புல்லில் இருப்பதைவிட ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். மானைத் தின்னும் ஓநாயின் உடலில் இன்னொரு படி கூடும். கடலில் உணவுச் சங்கிலி நீளமானது. பாசி, நுண்ணுயிர், சிறு மீன், பெரு மீன், சீல் என்று படிகள் அடுக்கடுக்காக ஏறுவதால், கடல் உணவை நம்பி வாழ்ந்தவரின் எலும்பில் நைட்ரஜன் எண் மிக உயரமாக இருக்கும். எலி, நத்தை முதலியவற்றுக்கு அளந்த உணவைக் கொடுத்து வளர்த்து, அவற்றின் உடலைப் பகுத்துப் பார்த்து இந்த விதிகளை உறுதிப்படுத்தியவர்கள் மைக்கேல் டினீரோவும் சாமுவேல் எப்ஸ்டைனும். அவர்களுடைய ஆய்வுகள் 1978இலும் 1981இலும் வெளிவந்தன.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். வளர்ந்தவரின் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. தொடையெலும்பில் இருப்பது குறைந்தது பத்து ஆண்டு உணவின் சராசரி. இறப்பதற்கு முன் உண்ட விருந்தையோ, ஒரு பஞ்ச ஆண்டையோ அதில் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

கேள்வி: மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எலும்பில் மண்ணின் பொருள்களும் சேர்ந்திருக்குமே? ஆய்வகத்தில் அதை எப்படிப் பிரிக்கிறார்கள்? – வேதியியல் ஆசிரியர், தருமபுரி

பதில்: உங்கள் ஐயம் மிகச் சரியானது, இந்தத் துறை தொடக்கத்தில் தடுமாறியதும் இந்த இடத்தில்தான். 1970களில் பலர் எலும்பில் உள்ள ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து, இவர் சைவம், இவர் அசைவம் என்று கணக்கிட முயன்றார்கள். ஆனால் ஸ்ட்ரான்சியம் நிலத்தடி நீரிலிருந்து எலும்பின் தாதுப் பகுதிக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. அவர்கள் அளந்தது பல வேளைகளில் மனிதரின் உணவை அன்றி, புதைந்த மண்ணையே.

கொலாஜன் அப்படி ஏமாற்றுவது அரிது. எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி, அரை கிராம் அளவு துண்டை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் குளிரில் சில நாள் வைக்கிறார்கள். தாதுப் பகுதி கரைந்து போகிறது. மிஞ்சுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: எலும்புத் துண்டு அதே வடிவத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணாடி போல ஒளி ஊடுருவி, இடுக்கியால் தொட்டால் நுங்கு போல நெளிகிறது. அதைக் கழுவி, இலேசான அமிலத் தன்மையுள்ள நீரில் 70 டிகிரி அளவில் இரண்டு நாள் வைத்தால் கரைந்துவிடும். நம் அடுப்பில் ஆட்டுக்கால் கொதிக்கும்போது நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. வடிகட்டி, உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை நீக்கினால் பஞ்சு மிட்டாய் போல வெண்மையான இழைகள் கிடைக்கும். அதிலிருந்து அரை மில்லிகிராமை ஒரு சிறு வெள்ளீயச் சிமிழில் மடித்து எரித்து, வெளிவரும் வாயுவை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் செலுத்துகிறார்கள்.

கிடைத்தது உண்மையான கொலாஜன்தானா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கெடாத கொலாஜனில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 2.9 முதல் 3.6 வரை கார்பன் அணுக்கள் இருக்கவேண்டும் என்று டினீரோ 1985இல் வரையறுத்தார். அந்த எல்லைக்கு வெளியே விழும் எலும்பை ஆய்வாளர் ஒதுக்கிவிட வேண்டும், அது எவ்வளவு அரிய எலும்பாக இருந்தாலும். இந்தக் கட்டுப்பாடுதான் இந்தத் துறையின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

கேள்வி: கடற்கரையில் வாழ்ந்த மக்கள் வேளாண்மை வந்ததும் மீனையே விட்டுவிட்டார்கள் என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது நம்பும்படியாக இல்லை. எதிரே கடல் இருக்கும்போது யார் விடுவார்கள்? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உங்களைப் போலவே தொல்லியலாளர்கள் பலரும் நம்ப மறுத்தார்கள். அவர்கள் மறுத்ததால்தான் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாக ஆராயப்பட்டது.

டென்மார்க்கின் கடற்கரைகளில், வேளாண்மைக்கு முந்தைய மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடக்கின்றன. அந்த மக்களின் எலும்புகளை 1981இல் ஹென்ரிக் டௌபர் ஆராய்ந்தார். அவற்றின் கார்பன் எண்கள் மைனஸ் 11 முதல் மைனஸ் 15 வரை இருந்தன. சீலையும் மீனையும் நம்பி வாழ்ந்த கிரீன்லாந்து மக்களின் எண்களோடு ஒத்துப்போயின. அன்றைய வட ஐரோப்பாவில் கம்போ சோளமோ கிடையாது. எனவே கனமான கார்பன் வருவதற்கு, அது மிகுந்த கடல் உணவைத் தவிர வேறு வழியில்லை. ஏறத்தாழ கி.மு. 4000இல் கோதுமையும் மாடும் அங்கே வந்தன. அதற்குப் பின் வாழ்ந்தவர்களின் எலும்புகள் மைனஸ் 20 அருகில், நிலத்து உணவின் எண்ணுக்கு இறங்கிவிட்டன. இடைப்பட்ட எண்கள் மிக அரிது. மெல்ல மெல்ல மாறியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது.

பிரிட்டனிலும் இதே கதைதான். மைக்கேல் ரிச்சர்ட்ஸ், ரிக் ஷுல்டிங், ராபர்ட் ஹெட்ஜஸ் மூவரும் 2003இல் 183 பேரின் எலும்புகளை ஒப்பிட்டார்கள். அவர்களில் 19 பேர் வேளாண்மைக்கு முந்தைய இடைக்கற்காலத்தவர், 164 பேர் வேளாண்மை வந்த புதிய கற்காலத்தவர். கடலுக்கு மிக அருகில் புதைக்கப்பட்ட புதிய கற்கால மக்களின் எலும்பிலும் கடலின் அடையாளம் காணப்படவில்லை.

உடனே மறுப்பு வந்தது. இடைக்கற்கால எலும்புகள் மிகக் குறைவு. புதிய கற்காலத்தில் கல்லறையில் இடம் பெற்றவர்கள் எல்லா மக்களையும் குறிப்பவர்கள் என்று சொல்ல முடியாது. மேலும் கொலாஜன் பெரும்பாலும் உணவின் புரதத்திலிருந்து உருவாவதால், இறைச்சியும் பாலும் தாராளமாகக் கிடைத்த வீட்டில் அவ்வப்போது உண்ட மீன் எலும்பில் தெரியாமலே போகலாம். இந்த மறுப்புகள் நியாயமானவை. புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மீன் இருந்தால், இந்த முறையில் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஆதரிப்பவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த வழக்கில் இன்னொரு சாட்சியாக வந்தது பானை. சமைக்கும் பானையின் சுவரில் கொழுப்பு ஊறித் தங்கிவிடும். பால் கொழுப்பு, இறைச்சிக் கொழுப்பு, மீன் கொழுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே அடையாளம் காணலாம். லூசி கிராம்ப், ரிச்சர்ட் எவர்ஷெட் உள்ளிட்ட குழுவினர் பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளின் பானைத் துண்டுகளை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் வடக்குத் தீவுகளில் கடலை ஒட்டியே வாழ்ந்த முதல் உழவர்களின் பானைகளிலும் பால் கொழுப்பே நிறைந்திருந்தது. மீனின் தடயம் மிக அரிது. அந்தத் தீவுகளில் மீன் கொழுப்பு மீண்டும் கூடுவது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய, மிகப் பிந்தைய நார்ஸ் மக்களின் காலத்தில்தான்.

ஆகவே "ஒருவர்கூட ஒரு நாளும் மீன் தின்னவில்லை" என்று சொன்னால் அது தவறு. "மீன் அவர்களுடைய வாழ்வாதாரமாக இருந்தது" என்று சொன்னாலும் தவறு. சென்ற கட்டுரையில் "மீனை விட்டுவிட்டார்கள்" என்று எழுதியதைவிட "மீனை நம்பி வாழ்வதை விட்டார்கள்" என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஏன் விட்டார்கள் என்பதை எலும்பு சொல்லாது. கடலைத் தெரிந்த பழைய குடிகள் மாறினார்களா, அல்லது மாட்டோடும் விதையோடும் வந்த புதியவர்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்தார்களா என்ற கேள்விக்குப் பின்னாளில் மரபணு ஆய்வு விடை தந்தது: பிரிட்டனைப் பொறுத்தவரை வந்தவர்கள் பெரும்பாலும் புதியவர்களே.

கேள்வி: ஆதி மனிதர்கள் இறைச்சியையும் கொழுப்பையும் மட்டுமே உண்டார்கள், எலும்பு ஆய்வே இதை நிரூபித்துவிட்டது என்று பேலியோ உணவுமுறையைப் பின்பற்றும் என் நண்பர் சொல்கிறார். உண்மையா? – வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன மனித இனத்தின் எலும்புகளை ஆராய்ந்து 2000இல் வெளியான முடிவில், அவற்றின் நைட்ரஜன் எண்கள் ஊனுண்ணும் பெரு விலங்குகளின் எண்களுக்கு இணையாக இருந்தன. ஆனால் மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: கொலாஜன் பேசுவது முதன்மையாகப் புரதத்தைப் பற்றி. கிழங்கிலும் பழத்திலும் புரதம் மிகக் குறைவு. ஒருவர் வயிறு நிறையக் கிழங்கு தின்றுவிட்டுச் சிறிது இறைச்சியும் தின்றால், எலும்பில் இறைச்சியின் குரலே ஓங்கி ஒலிக்கும். ஈராக்கின் ஷானிதர் குகையிலும் பெல்ஜியத்தின் ஸ்பை குகையிலும் கிடைத்த நியாண்டர்தால் பற்களில் படிந்து இறுகிய காரையில் மாவுச்சத்துத் துகள்கள் இருந்தன. சில வெந்த அடையாளத்துடனேயே இருந்தன.

எதிர்த்திசையில் செல்லும் சான்றும் உண்டு. மொராக்கோவின் தஃபொரால்ட் குகையில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்பையும் பல்லையும் துத்தநாகம் உட்படப் பல தனிமங்களின் வழியே ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, வேளாண்மை அங்கு வருவதற்கு மிக முன்பே அவர்கள் உணவில் தாவரங்கள் பெரும்பங்கு வகித்தன என்று காட்டியது. "ஆதி மனிதர்" என்று ஒரே மனிதர் இல்லை; இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் உணவு வேறுபட்டிருக்கிறது.

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்சி என்பவரின் கதையும் நண்பருக்குச் சொல்லத்தக்கது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த அவருடைய முடியைப் பகுத்தவர்கள், பெரும்பாலும் தாவர உணவு உண்டவராக இருக்கலாம் என்று கருதினார்கள். பின்னர் அவருடைய குடலிலும் இரைப்பையிலும் மலையாட்டின், சிவப்பு மானின் இறைச்சியும் கோதுமை வகைத் தானியமும் கிடைத்தன. இரைப்பையில் இருந்ததில் ஏறத்தாழ பாதி கொழுப்பு என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முடி சில மாதங்களைச் சொல்கிறது, இரைப்பை கடைசி வேளையைச் சொல்கிறது. தவிர, இன்றைய மனிதரின் எண்களை அளவுகோலாக வைத்து அன்றைய மனிதரை மதிப்பிடக் கூடாது. எரு இட்ட மண்ணில் நைட்ரஜன்-15 கூடும், வறண்ட நிலத்திலும் கூடும். அதே இடத்தில், அதே காலத்தில் வாழ்ந்த மாட்டின், மானின் எலும்பையும் அளந்து அருகில் வைத்துப் பார்க்காமல், மனிதருடைய எண்ணை மட்டும் தனியே படித்துச் சொல்லும் எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

கேள்வி: தாய்ப்பாலை எப்போது நிறுத்தினார்கள் என்பதும் எலும்பில் தெரியுமாமே? – வாசகி, ஈரோடு

பதில்: தெரியும். பால் குடிக்கும் குழந்தை, உணவுச் சங்கிலியில் தன் தாயைவிட ஒரு படி மேலே இருக்கிறது. அதனால் அதன் நைட்ரஜன் எண் தாயின் எண்ணைவிட 2 அல்லது 3 கூடும். சோறும் கூழும் கொடுக்கத் தொடங்கியதும் இறங்கத் தொடங்கி, பால் முற்றும் நின்றபின் குடும்பத்தாரின் எண்ணுக்கு வந்து சேரும். பல்லின் உட்பகுதி ஒருமுறை உருவானால் எலும்பைப் போலப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே முதிர்ந்து இறந்தவரின் கடைவாய்ப் பல்லையும் மெல்லிய துண்டுகளாக அறுத்து, அவருடைய குழந்தைப் பருவத்தை வரிசையாகப் படிக்க முடிகிறது.

கேள்வி: நம் நாட்டில் கிடைக்கும் பழைய எலும்புகளிலிருந்து நெல் உண்டவர் யார், தினையும் வரகும் உண்டவர் யார் என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா? – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், மதுரை

பதில்: நெல் சி-3, நம் சிறுதானியங்கள் எல்லாம் சி-4, கோட்பாட்டின்படி இந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் இல்லை. ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன. கொலாஜனுக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. டென்மார்க்கின் குளிர்ந்த மண்ணில் ஏழாயிரம் ஆண்டு தாங்கும் கொலாஜன், நம் மண்ணில் மிக விரைவாகச் சிதைகிறது. இரண்டாவது, வெப்பமண்டலப் புல் வகைகளில் பல சி-4. அந்தப் புல்லையும் சோளத்தட்டையையும் மேய்ந்த மாட்டின் பாலை நாள்தோறும் குடித்தவர், ஒரு பிடி கம்பும் தின்னாமலேயே கம்பு தின்றவர் போலத் தெரியலாம். இங்கும் அவ்வூர் மாட்டின் எலும்பை அளந்த பிறகே மனிதரைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் தடைக்கு வழி, பல்லின் கடினமான மேலுறையான எனாமல். அதில் புரதம் மிகக் குறைவு. ஆனால் அதன் கனிமத்திற்குள் கார்பனேட் இருக்கிறது, மண்ணின் கலப்பை அது உறுதியாகத் தாங்குகிறது. உணவு முழுவதன் கார்பனையும் அது காட்டுவதால், கிழங்கும் பழமும் அதில் மறைந்துபோவதில்லை. இதற்கு நமக்கு அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் ஈர மண்டலக் குகைகளான பாகியன்கல, படதொம்பலென உள்ளிட்ட இடங்களில் கிடைத்த 26 மனிதரின் பற்களை, பேட்ரிக் ராபர்ட்ஸ் தலைமையில் நிமல் பெரேரா, ஓஷான் வெடகே, சிரான் தெரணியகல ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டது. அடர்ந்த மழைக்காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கனமான கார்பன் வழக்கத்தைவிடவும் குறைவு. ஓரளவு திறந்த மழைக்காட்டையும் அதன் ஓரங்களையும் நம்பி வாழ்ந்ததன் அடையாளம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் முதல் 3,000 ஆண்டுகள் வரை பழமையான அந்தப் பற்களில் பெரும்பாலானவற்றில் தொடர்ந்து தெரிந்தது. வேளாண்மை இல்லாமல் மழைக்காட்டில் மனிதர் நிலைத்து வாழ முடியாது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்தப் பற்கள் அதை மாற்றின. பாகியன்கலவில் கிடைத்த விலங்கெலும்புகள், குரங்கையும் மலை அணிலையும் அங்கே ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடியதைச் சொல்கின்றன.

கேள்வி: முன்னோரின் எலும்பை அமிலத்தில் கரைப்பது சரியா? – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கரைத்தது திரும்பி வராது. எனவே கேள்வி தெளிவாக இல்லாமல் யாரும் எலும்பைத் தொடக் கூடாது என்பதே என் கருத்து. அந்த மக்களின் வழியினர் இன்று இருந்தால் அவர்களுடைய இசைவும் வேண்டும். எடுப்பது அரை கிராம்தான் என்றாலும், எடுப்பதற்கு முன் எலும்பை அளந்து, படம் எடுத்து, முடிந்தால் அச்சு வார்த்து வைக்கிறார்கள். பிரித்தெடுத்த கொலாஜனில் மிஞ்சியதைக் கொண்டே கதிரியக்கக் கார்பன் முறையில் காலத்தையும் கணிக்கலாம். சொல்லப்போனால் இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும். கடல்நீரில் பழைய கார்பன் தங்கியிருப்பதால், மீனை நம்பி வாழ்ந்தவரின் எலும்பு உண்மையைவிட ஏறத்தாழ 400 ஆண்டுகள்வரை முதியதாகத் தெரியும். அவர் எவ்வளவு மீன் உண்டார் என்பதை அறிந்த பிறகே அவர் இறந்த காலத்தைத் திருத்திக் கணக்கிட முடியும்.